மான்டெவிடியோவில் ஒரு பகல்: கப்பல் நிற்கிற நேரத்தில் எதைப் பார்ப்பது?

தாம்பரம்_சேகர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் பிரேசிலின் சான்டோஸில் ஏறி அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸில் இறங்குகிற மாதிரி ஒரு குரூஸ் பதிவு செய்திருக்கிறோம். மகள் சாவ் பாவ்லோவில் வேலை பார்க்கிறாள், எல்லாம் அவள் ஏற்பாடுதான். நான், மனைவி, மகள், எழுபதைத் தாண்டிய என் அம்மா என நாலு பேர். விசா வேலையெல்லாம் முடிந்துவிட்டது.

நடுவில் உருகுவேயின் தலைநகர் மான்டெவிடியோவில் காலை 8 மணிக்குக் கப்பல் வந்து நிற்கும், மாலை 5 மணிக்குக் கிளம்பிவிடும். கப்பலிலேயே மூன்று டூர் விற்கிறார்கள். புன்டா டெல் எஸ்தே கடற்கரைக்கு ஒன்று, திராட்சைத் தோட்டத்துக்கு ஒன்று, பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஊரைச் சுற்றிவர ஒன்று. எதை எடுத்தாலும் நாலு பேருக்குக் கணிசமான தொகை ஆகிறது. நாமே இறங்கிச் சுற்றலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார். அம்மாவும் மனைவியும் சைவம், முட்டை கூடத் தொடமாட்டார்கள். எனக்குப் பழைய கட்டடங்களும் சரித்திரமும் பிடிக்கும். மகளுக்குக் கால்பந்து. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைகடல் எழுதியது:

சேகர் சார், டூர் எதுவும் வேண்டாம். சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்த காலத்தில் இந்தத் துறைமுகத்தில் பலமுறை இறங்கி நடந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

தென் அமெரிக்காவின் சில தலைநகரங்களுக்குத் துறைமுகம் ஓரிடம், ஊர் ஓரிடம். சிலியின் சான்டியாகோவுக்குப் போகக் கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மலை தாண்ட வேண்டும். லிமாவுக்குக் காயாவோவில் இறங்கி நெரிசலில் ஊர்ந்து போக வேண்டும். மான்டெவிடியோ அப்படியில்லை. துறைமுக வாசலைத் தாண்டி ரோட்டைக் கடந்தால் பழைய நகரம் தொடங்கிவிடுகிறது. 1720-களில் ஸ்பானியர்கள் கோட்டை கட்டிக் குடியேறிய அதே நிலமுனை. மூன்று பக்கமும் தண்ணீர். எந்தக் குறுக்குத் தெருவில் நின்று எட்டிப்பார்த்தாலும் கோடியில் தண்ணீர் தெரியும். வழி தவறவே முடியாது.

புன்டா டெல் எஸ்தே 130 கிலோமீட்டர். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. கையில் இருக்கிற பகலில் பாதியை நெடுஞ்சாலையில் விட்டுவிட்டு எதற்கு அங்கே போக வேண்டும்? கொலோனியா நல்ல ஊர், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, ஆனால் 180 கிலோமீட்டர். அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டு புவனோஸ் ஐரஸிலிருந்து படகில் போகலாம்.

நான் சொல்கிற வழி இது. வாசலுக்கு எதிரே மெர்காடோ டெல் புவெர்தோ, அதாவது துறைமுகச் சந்தை. 1868-இல் திறந்தது. இங்கிலாந்தில் வார்த்த இரும்பைக் கப்பலில் கொண்டுவந்து மாட்டிய கூரை. இன்று உள்ளே முழுக்க இறைச்சி வாட்டும் அடுப்புகள்தான். காலை எட்டரைக்குப் போனால் ஆள் இருக்காது. அப்போதுதான் கட்டையை அடுக்கி நெருப்பு மூட்டத் தொடங்குவார்கள். இரும்புக் கூடையில் விறகு எரிந்து, விழுகிற தணலை ஒரு கம்பியால் இழுத்துச் சாய்வான கிராதிக்குக் கீழே பரப்புவார்கள். கரி போடுவதில்லை, விறகுதான். சாப்பிடாதவர்கள் கூட நின்று பார்க்க வேண்டிய வேலை அது.

அங்கிருந்து பெரெஸ் காஸ்தெயானோ தெரு வழியாக ஏறி சராண்டி தெருவைப் பிடியுங்கள். பெரும்பகுதி வண்டிகள் வராத நடைபாதைத் தெரு. நிலமுனையின் முதுகில் போவதால் கிட்டத்தட்ட சமதளம், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. வழியில் சபாலா சதுக்கம், அப்புறம் மாத்ரிஸ் சதுக்கம். மாத்ரிஸில் ஒரு பக்கம் தேவாலயம், எதிர்ப்பக்கம் பழைய கபில்தோ (ஸ்பானியர் கால நகர மன்றக் கட்டடம்), நடுவில் நிழல் தரும் பெரிய மரங்கள், பெஞ்சுகள், ஒரு வெண்பளிங்கு நீரூற்று. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததன் நினைவாக 1871-இல் வைத்தது. அம்மாவை இங்கே அரை மணி உட்கார வையுங்கள், நீங்கள் சுற்றியுள்ள தெருக்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

சராண்டி முடிகிற இடத்தில் தனியாக ஒரு கல் வாசல் நிற்கும். கோட்டையின் வாசல் அது. 1829-இல் மதில்களை இடிக்க முடிவெடுத்தார்கள், எல்லாம் போய் இது மட்டும் மிஞ்சியது. அதைத் தாண்டினால் சுதந்திரச் சதுக்கம். நடுவே குதிரை மேல் ஆர்த்திகாஸ் சிலை. உருகுவேயின் தேசத்தந்தை அவர். கடைசி முப்பது வருடம் பராகுவேயில் அகதியாக வாழ்ந்து 1850-இல் அங்கேயே இறந்தார். சிலைக்கு நேர் கீழே நிலத்தடியில் அவர் அஸ்தி. படியிறங்கிப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. சதுக்கத்தின் மூலையில் பலாசியோ சால்வோ கட்டடம், 1928. கட்டி முடித்தபோது தென் அமெரிக்காவின் மிக உயரமான கட்டடங்களில் ஒன்று. கட்டியவர் மாரியோ பலான்டி என்ற இத்தாலியர். இதன் இணை போன்ற பலாசியோ பரோலோவை புவனோஸ் ஐரஸில் பார்ப்பீர்கள், அதுவும் அவர் கைவேலைதான். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வாய்க்கிறது, விடாதீர்கள்.

துறைமுகத்திலிருந்து இதுவரை ஒன்றரை கிலோமீட்டர்தான். பக்கத்திலேயே 1856-இல் திறந்த சோலிஸ் நாடக அரங்கம். அங்கிருந்து தெற்கே இறங்கினால் ராம்ப்ளா, கரையோரச் சாலை. மொத்தம் 20 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நீங்கள் கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

மயிலை_ரங்கநாதன் எழுதியது:

அலைகடல் சொல்வது தனியாளுக்குச் சரி. வயதானவரோடு போகிறவருக்கு அப்படியே பொருந்தாது. கப்பல் டூரில் போனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போக வேண்டும். பஸ்ஸில் ஊர் சுற்றும் டூரை எடுங்கள் சேகர். அம்மாவுக்கு உட்கார இடம், ஏசி, கழிவறைக்கு நிறுத்தம் எல்லாம் உறுதி. ஜனவரி அங்கே நடுக்கோடை, அதையும் மறக்க வேண்டாம்.

அலைகடல் எழுதியது:

ரங்கநாதன் ஐயா, கப்பல் காத்திருக்காது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகிறவர்கள் டூரில்தான் போக வேண்டும். ஆனால் சேகர் சார் போகிற தூரத்துக்கு, கப்பலின் புகைபோக்கி தெருக்கோடியிலேயே தெரிந்துகொண்டிருக்கும். அம்மா களைத்துப்போனால் டாக்ஸி பிடித்துச் சில நிமிடத்தில் துறைமுக வாசல். பஸ் டூரில் நடுவழியில் களைத்தால் எங்கே போவது? பஸ் முடிகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நேரக் குழப்பமும் இந்தத் தடத்தில் இல்லை. சான்டோஸ், மான்டெவிடியோ, புவனோஸ் ஐரஸ் மூன்றுக்கும் ஒரே நேரம். 5 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு நாலு, நாலரைக்குள் ஏறச் சொல்வார்கள். நீங்கள் மூன்றரைக்கே வாசலில் இருங்கள்.

லதா_புவனோஸ்ஐரஸ் எழுதியது:

சேகர் அண்ணா, கணவர் வேலைக்காக இங்கே வந்து குடியிருக்கிறோம். மான்டெவிடியோ எங்களுக்கு ரியோ டி லா பிளாட்டா ஆற்றைத் தாண்டினால் வருகிற ஊர். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் சைவக்காரர்கள் அந்தச் சந்தைக்குள் போய்ப் பட்டினியாக வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எச்சரிக்கை. பேக்கரியில் காலையில் விற்கிற பிஸ்கோச்சோ என்ற சின்னச் சின்ன ரொட்டி வகைகளில் பல மாட்டுக் கொழுப்பில் செய்தவை. தெருவோரம் மழை நாளில் சுடச்சுடப் போடுகிற தோர்த்தா ஃப்ரீத்தாவும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், வழக்கமே அதுதான். பார்த்தால் வெறும் மைதாப் பூரி என்று நினைக்கத் தோன்றும். கேட்காமல் வாங்காதீர்கள். "கார்னே இல்லாமல்" என்று மட்டும் கேட்டால் போதாது. அவர்கள் கணக்கில் கார்னே என்றால் மாட்டிறைச்சி, அதனால் பன்றித் துண்டும் கோழியும் தட்டில் வந்துவிடும். ஹமோன் (பன்றி ஹாம்), போயோ (கோழி), பெஸ்காதோ (மீன்), வேவோ (முட்டை) என்று ஒவ்வொன்றையும் சொல்லி வேண்டாம் என்று எழுதிய சீட்டைக் காட்டுங்கள்.

இப்போது நல்ல செய்தி. பிஸ்ஸா கடைகளில் ஃபைனா என்று ஒன்று கிடைக்கும். கொண்டைக்கடலை மாவு, எண்ணெய், தண்ணீர், உப்பு. பெரிய வட்டத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். சில கடைகளில் பாலோ சீஸோ சேர்ப்பதுண்டு. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து, மேலே தூக்கலாக மிளகுத்தூள். நம் வீட்டுக் கனமான அடைக்குப் பக்கத்தில் வைக்கலாம். இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. ஒரு துண்டு பிஸ்ஸா மேல் ஒரு துண்டு ஃபைனாவை வைத்துச் சேர்த்துக் கடிப்பது ஊர் வழக்கம். அம்மாவுக்கு இது நிச்சயம் ஒத்துக்கொள்ளும். முட்டை போடுகிறீர்களா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பசி அடங்காவிட்டால் சீஸ் பிஸ்ஸா, அப்புறம் துல்சே தெ லெச்சே (பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்பு) போட்ட ஐஸ்கிரீம்.

பணம் பற்றி ஒன்று. விலைப் பலகையில் டாலர் குறி போட்டிருக்கும், அது உருகுவே பெசோ. அமெரிக்க டாலருக்கு வேறு மாதிரி, முன்னால் U எழுத்துச் சேர்த்து எழுதுவார்கள். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 40 பெசோ. ஒரு சாப்பாட்டுக்கு 600 என்று பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். வெளிநாட்டுக் கார்டில் கட்டினால் உணவக பில்லில் விற்பனை வரி கழிகிற சலுகையை அரசு அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிறது. அங்கே வரி 22 சதவீதம் என்பதால் சின்னத் தொகையில்லை. கேட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்காகக் கட்டுக்கட்டாகப் பணம் மாற்ற வேண்டாம்.

கப்பலிலிருந்து பழம், சாண்ட்விச் எதையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். விவசாய நாடு, வாசலில் சோதித்து வாங்கிவிடுவார்கள்.

பந்தாட்டப்பிரியன் எழுதியது:

மகளுக்குக் கால்பந்து பிடிக்கும் என்று எழுதியிருக்கிறார். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! உலகக் கோப்பை பிறந்த ஊர் ஐயா அது.

சென்டெனாரியோ மைதானம் 1930-இல் முதல் உலகக் கோப்பைக்காகவே கட்டியது. உருகுவேயின் முதல் அரசியல் சாசனத்துக்கு நூறு வயதான வருடம் அது, அதனால் அந்தப் பெயர். ஒரு வருடத்துக்குள் அவசரமாகக் கட்டினார்கள். அப்படியும் போட்டி தொடங்கிய ஜூலை 13-க்கு முடியவில்லை, முதல் ஆட்டங்களை வேறு சின்ன மைதானங்களில் வைத்துவிட்டு ஜூலை 18 அன்று திறந்தார்கள். ஜூலை 30 இறுதி ஆட்டத்தில் உருகுவேயும் அர்ஜென்டினாவும். யார் பந்தில் ஆடுவது என்றே சண்டை வந்து, முதல் பாதி அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதி உருகுவே பந்து என்று முடிவானது. இடைவேளையில் அர்ஜென்டினா 2-1 முன்னிலை. முடிவில் உருகுவே 4-2. நாலாவது கோலை அடித்தவர் எக்டர் காஸ்ட்ரோ, சிறுவயதில் ஒரு முன்கையை இழந்தவர்.

ஃபிஃபா 1983-இல் இந்த மைதானத்தை உலகக் கால்பந்தின் வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. மைதானத்துக்குள் எட்டிப் பார்க்கலாம். 2030 உலகக் கோப்பையின் நூற்றாண்டு ஆட்டம் ஒன்றும் இங்கே நடக்கப்போகிறது. அதற்காகச் செப்பனிடும் வேலை நடக்க வாய்ப்புண்டு, திறந்திருக்கிறதா என்று முந்தைய நாள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். துறைமுகத்திலிருந்து டாக்ஸியில் இருபது நிமிடம் வைத்துக்கொள்ளலாம். பழைய கட்டடம் தென் அமெரிக்காவின் எல்லா ஊரிலும் இருக்கிறது. இது ஒரே ஒரு ஊரில்தான் இருக்கிறது.

அலைகடல் எழுதியது:

நாலு பேரும் போக வேண்டியதில்லை. சந்தையும் சதுக்கங்களும் சேர்ந்து பார்த்துவிட்டு, பதினொன்றரை வாக்கில் சுதந்திரச் சதுக்கத்தில் பிரிந்து, மகளும் சேகர் சாரும் டாக்ஸியில் மைதானம் போய்வரலாம். மனைவியும் அம்மாவும் சோலிஸ் அரங்கின் பக்கத்தில் ஏதாவது காப்பிக் கடையில் இருக்கலாம். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கிளம்பினால்தான் நேரம் போதாமல் போகிறது.

வரலாறு_விரும்பி எழுதியது:

சேகர் சாருக்குச் சரித்திரம் பிடிக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். துறைமுகத்தை விட்டு வெளியேறும்போதே ஒரு நங்கூரத்தையும் ஒரு இரும்புக் கோபுரத் துண்டையும் பார்ப்பீர்கள். பலர் துருப்பிடித்த பழைய சாமான் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அட்மிரல் கிராஃப் ஷ்பே என்ற ஜெர்மன் போர்க்கப்பலுடையவை அவை. அந்த இரும்புத் துண்டு பீரங்கிக்குத் தூரம் கணிக்கும் கருவி, 2004-இல் ஆற்றடியிலிருந்து எடுத்தது.

1939 டிசம்பர் 13. எக்செட்டர், ஏஜாக்ஸ், அகிலீஸ் என்ற பிரிட்டிஷ் தரப்புப் போர்க்கப்பல்கள் மூன்று சேர்ந்து இந்த ஒற்றைக் கப்பலோடு மோதின. அடிபட்ட ஷ்பே பழுது பார்க்க மான்டெவிடியோவுக்குள் புகுந்தது. உருகுவே நடுநிலை நாடு, 72 மணி நேரம்தான் கொடுத்தது. வெளியே பெரிய பிரிட்டிஷ் படை வந்துவிட்டது என்ற வதந்தியைப் பிரிட்டிஷார் திட்டமிட்டுப் பரப்பினார்கள். டிசம்பர் 17 மாலை கேப்டன் லாங்ஸ்டார்ஃப் கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய்த் தானே வெடிவைத்து மூழ்கடித்தார். கரையில் ஊரே கூடி நின்று பார்த்தது. தன் ஆட்களை வீணாகச் சாகவிடக் கூடாது என்று முடிவெடுத்த அவர், சில நாளில் புவனோஸ் ஐரஸ் விடுதி அறையில் தன்னைச் சுட்டுக்கொண்டார். போரில் இறந்த அவருடைய மாலுமிகள் மான்டெவிடியோவின் வடக்குக் கல்லறையில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இதில் நேரான தொடர்பு ஒன்று உண்டு. கப்பலுக்குப் பெயர் கொடுத்த அட்மிரல் ஷ்பே முதல் உலகப் போரில் ஜெர்மனியின் கிழக்காசியப் படைக்குத் தலைவர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் அவர் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல்தான். ஷ்பே அதே வருடம் டிசம்பரில் ஃபாக்லாண்ட் தீவுகளருகே கப்பலோடு மூழ்கினார். உயர் நீதிமன்றச் சுவரில் எம்டன் கல்வெட்டைப் பார்த்தவர்கள் இந்த நங்கூரத்தையும் பார்க்க வேண்டும்.

தாம்பரம்_சேகர் எழுதியது:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டோம். திருட்டுப் பயம் எப்படி? பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளவா?

லதா_புவனோஸ்ஐரஸ் எழுதியது:

பகலில், ஆள் நடமாடும் தெருக்களில் பயமில்லை அண்ணா. சராண்டியிலும் சதுக்கங்களிலும் நாள் முழுக்கக் கூட்டம் இருக்கும். துறைமுகத்தை ஒட்டிய ஆளில்லாத பக்கத் தெருக்களுக்குள் புகைப்படம் எடுக்கிற ஆசையில் போக வேண்டாம். அக்காவும் அம்மாவும் தங்கச் சங்கிலியைக் கப்பலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும். செல்போனை மேசை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். எந்த அடையாள அட்டை வேண்டும் என்று கப்பலில் சொல்வார்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட் தேவையில்லை என்று சொன்னால் நகல் மட்டும் போதும்.

டாக்டர்_வசந்தி எழுதியது:

யாரும் தொடாத ஒரு விஷயம். பிரேசில் போய்த் திரும்புகிற யாரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நாள், நேரம் முன்பதிவு செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது என்கிறீர்கள். அறுபதுக்கு மேல் இந்த ஊசியில் கடுமையான பக்கவிளைவுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். அவருடைய மருத்துவரிடம் காட்டிக் கேட்காமல் போட வேண்டாம். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கான மருத்துவ விலக்குச் சான்று பற்றி ஊசி போடும் மையத்திலேயே கேளுங்கள்.

கோவை_கார்த்திகா எழுதியது:

இழையை முழுதாகப் படித்தேன். கோட்டை, சதுக்கம், அரங்கம், போர்க்கப்பல் எல்லாம் வந்துவிட்டது. அந்தத் துறைமுகத்தில் சங்கிலியோடு இறக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரியோ டி லா பிளாட்டா பகுதிக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரும் முக்கியத் துறைமுகம் மான்டெவிடியோதான். அந்த மக்கள் கொண்டுவந்த பறையோசைதான் கந்தோம்பே. சீக்கோ, ரெபிகே, பியானோ என்று மூன்று அளவு மத்தளங்கள். தோளில் தொங்கவிட்டு, ஒரு கையில் குச்சி, ஒரு கை வெறுங்கை. சீக்கோ மாறாமல் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், பியானோ அடியில் நின்று தாங்கும், ரெபிகே நடுவில் புகுந்து கேள்வி கேட்டுக்கொண்டே போகும். வாசிப்பதற்கு முன் தெருவில் சின்னத் தீ மூட்டி, தோல் இறுகுவதற்காக மத்தளங்களை அதைச் சுற்றிச் சாய்த்து வைப்பார்கள். 2009-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் சேர்த்தது.

பாரியோ சூர், பலெர்மோ என்ற பகுதிகள் இதன் வீடு. சுதந்திரச் சதுக்கத்திலிருந்து தெற்கே சற்று நடந்தால் பாரியோ சூர். அங்கே மெதியோமுந்தோ என்று ஒரு பெரிய குடியிருப்பு இருந்தது. நடுவில் முற்றம், சுற்றி அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். பெரும்பாலும் கறுப்பினத்தவர். ராணுவ ஆட்சி 1978 டிசம்பரில் அதைக் காலி செய்ய வைத்து இடித்தது. டிசம்பர் 3 அன்று கடைசியாக முற்றத்தில் மத்தளம் அடித்துவிட்டு வெளியேறினார்கள். இன்று உருகுவேயில் அந்தத் தேதிதான் தேசிய கந்தோம்பே நாள்.

உங்களுக்குப் பகல் நேரம் மட்டும் என்பதால் தெருவில் வாசிப்பைக் கேட்பது சந்தேகம். ஆனால் சந்தையை ஒட்டியே கார்னிவல் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய இடமில்லை. மத்தளங்கள், உடைகள், பழைய படங்கள் எல்லாம் அருகில் நின்று பார்க்கலாம். கப்பலுக்குத் திரும்பும் வழியில் முக்கால் மணி ஒதுக்குங்கள். போர்க்கப்பலின் நங்கூரத்துக்கு நேரம் இருக்கிறதென்றால் இதற்கும் இருக்க வேண்டும்.

வரலாறு_விரும்பி எழுதியது:

கார்த்திகா சொல்வது நியாயம். மெதியோமுந்தோ பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தாம்பரம்_சேகர் எழுதியது:

போய்விட்டு வந்தோம். அடுத்து போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குள் கன்டெய்னர் லாரிகள் ஓடுவதால் குறித்திருக்கிற பாதையில்தான் வெளியே விடுகிறார்கள். நங்கூரத்தைப் பார்த்தோம். அதன் ஒரு கொக்கி என் தோள் உயரம். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, எம்டன் குண்டு விழுந்த கதையைத் தன் தாத்தா சொல்லக் கேட்டதை மகளுக்குச் சொன்னார். எனக்கே அது புதுக் கதை.

சந்தையில் அலைகடல் சார் சொன்ன மாதிரி நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். சராண்டி தெருவில் அம்மா சிரமமில்லாமல் நடந்தார். நடைபாதைக் கல் சில இடங்களில் பெயர்ந்து கிடக்கிறது, அதைமட்டும் பார்த்து நடக்க வேண்டும். மாத்ரிஸ் சதுக்கத்தில் பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவர் கக்கத்தில் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு மாத்தே என்ற இலைப்பானம் குடித்துக்கொண்டிருந்தார். குடுவை நிறைய இலைத்தூள், அதில் ஓரமாக மட்டும் வெந்நீர் ஊற்றுகிறார், முழுவதையும் நனைப்பதில்லை. உலோகக் குழலால் உறிஞ்சிவிட்டு மறுபடி அதே ஓரத்தில் ஊற்றுகிறார். அந்த ஊரில் நடக்கிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், போலீஸ்காரர் வரை எல்லோர் கக்கத்திலும் அந்தப் பிளாஸ்க் இருக்கிறது.

ஆர்த்திகாஸ் அஸ்தி இருக்கிற இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மேலே வெயிலும் இரைச்சலும். படியிறங்கினால் கருங்கல் சுவர், இருட்டு, நடுவில் பேழைமேல் மட்டும் வெளிச்சம். இரண்டு பக்கமும் பழங்காலச் சீருடையில் இரண்டு சிப்பாய்கள் அசையாமல் நிற்கிறார்கள்.

மகளும் நானும் மைதானம் போனோம். பந்தாட்டப்பிரியன் தம்பி, உங்களுக்குத் தனி நன்றி. வெறும் காங்கிரீட் படிகள்தான், ஆனால் மகள் அங்கிருந்து நகர மறுத்துவிட்டாள். இதற்குள் மனைவியும் அம்மாவும் ஃபைனா சாப்பிட்டு முடித்து எங்களுக்கும் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு மிளகு போதவில்லை, மற்றபடி திருப்தி.

ராம்ப்ளாவில் காற்று பலம். தண்ணீர் நீலமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், வண்டல் கலந்த பழுப்பு நிறம். கடல் என்று பார்த்தால் ஏமாற்றம், இவ்வளவு அகலமான ஆறு என்று நினைத்துப் பார்த்தால் மலைப்பு. கார்னிவல் அருங்காட்சியகத்துக்கு அரை மணிதான் கிடைத்தது. கார்த்திகா சொன்ன முக்கால் மணி தேவை. மூன்றே முக்காலுக்குக் கப்பலில் ஏறிவிட்டோம்.

மயிலை_ரங்கநாதன் எழுதியது:

நல்லபடியாகப் போய்வந்ததில் மகிழ்ச்சி. அம்மா நன்றாக நடக்கிறவர் என்பதால் சரிப்பட்டது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு அந்தப் பெயர்ந்த கற்களில் சிரமம்தான். அவர்கள் பஸ் டூர் எடுப்பதே நல்லது என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது.

அலைகடல் எழுதியது:

அதை நானும் ஒத்துக்கொள்கிறேன் ஐயா.

பந்தாட்டப்பிரியன் எழுதியது:

ஷ்பே கப்பலின் பின்பக்கத்தில் இருந்த பெரிய வெண்கலக் கழுகையும் எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். அதை எங்கே பார்க்கலாம்?

வரலாறு_விரும்பி எழுதியது:

2006-இல் எடுத்தார்கள். காலடியில் ஸ்வஸ்திகா சின்னம் இருப்பதால் பெரிய சர்ச்சையாகி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்காமல் கடற்படை வசம் பூட்டி வைத்தார்கள். 2023-இல் அப்போதைய அதிபர் அதை உருக்கிப் புறாவாக வார்க்கலாம் என்று அறிவித்தார். எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். அதைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு யாரும் போக வேண்டாம்.

திருச்சி_பிரவீன் எழுதியது:

நாங்களும் இதே தடத்தில் பிப்ரவரியில் போகிறோம். எங்கள் கப்பல் மான்டெவிடியோவில் ஞாயிற்றுக்கிழமை நிற்கிறது. இதே வழி சரிப்படுமா?

லதா_புவனோஸ்ஐரஸ் எழுதியது:

ஞாயிறு வேறு மாதிரி பிரவீன். பழைய நகரத்தில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், தெருக்கள் வெறிச்சோடும். இறங்கியதும் டாக்ஸி பிடித்து நேராக த்ரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தைக்குப் போங்கள். ஞாயிறு காலை மட்டும் கூடுகிற சந்தை. பழைய புத்தகம், சாவி, இசைத்தட்டு, காய்கறி, கூண்டுப் பறவை என்று தெருத்தெருவாக விரித்திருப்பார்கள். மதியத்தோடு கலையத் தொடங்கும், அதனால் அதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 18 தெ ஹூலியோ சாலையில் மேற்கே நடந்தால் சுதந்திரச் சதுக்கம், பிறகு சேகர் அண்ணா போன வழியை எதிர்த்திசையில் பிடித்துத் துறைமுகம் வரலாம். ஞாயிறு அன்று துறைமுகச் சந்தையில் உள்ளூர்க்காரர்களே மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவார்கள்.

கோவை_கார்த்திகா எழுதியது:

பிப்ரவரி என்றால் கார்னிவல் காலம். பாரியோ சூர், பலெர்மோ தெருக்களில் நடக்கும் யமாதாஸ் என்ற மத்தள ஊர்வலமும் அந்தச் சமயத்தில்தான் வரும், தேதி வருடத்துக்கு வருடம் மாறும். மற்ற ஞாயிறுகளில் கூட மாலை சாய்ந்ததும் அந்தப் பக்கம் குழுக்கள் வாசித்துக்கொண்டு நடப்பார்கள். உங்கள் கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்தத் தேதி என்று எழுதுங்கள் பிரவீன். இருட்டிய பிறகு கிளம்புகிறது என்றால் எந்தத் தெருவில் நிற்கலாம் என்று சொல்கிறேன்.